முப்பிடாதி என் நோயாளி

உட்காருங்கள், செல்லையா. நாற்காலியைத் துடைத்துத்தான் போட்டிருக்கிறேன். மேஜருக்கு முன்னால் ஹவில்தார் உட்காரக்கூடாது என்ற வழக்கமெல்லாம் முகாமோடு போயிற்று. நாம் இரண்டு பேருமே ஓய்வு பெற்றவர்கள். இது என் வீடு. உட்காருங்கள் என்றால் உட்கார வேண்டும்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தனித்து வாழும் முன்னாள் படைவீரர்களுக்கு வீட்டுத் துணை அனுப்புகிற உங்கள் சங்கம், மேஜர் கிருபாவதிக்கு இனி ஆள் அனுப்புவதில்லை என்று தீர்மானித்துவிட்டது. அதை நேரில் சொல்ல வந்திருக்கிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் நான் பேசி முடித்த பிறகு சொல்லுங்கள்.

எனக்கு முப்பிடாதி வேண்டும். அவளைத் திருப்பி அனுப்புங்கள்.

வேலைக்காகக் கேட்கவில்லை. என் வேலையை நானே பார்த்துக்கொள்வேன். முப்பது ஆண்டு ராணுவ மருத்துவமனைகளில் ஒரு வார்டையே தூக்கி நிறுத்தியவளுக்கு ஒரு வீடு பெரிதா? அவள் என் நோயாளி, செல்லையா. சிகிச்சை பாதியில் இருக்கும்போது கட்டிலைவிட்டு எழுப்பி அனுப்பிவிட்டீர்கள். இப்போது அவள் எப்படி இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், யார் நாடி பார்க்கிறார்கள் என்று எதுவும் தெரியாமல் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன சிரிப்பு? என் தமிழைக் கேட்டா? சிரித்துக்கொள்ளுங்கள். என் தாயார் தமிழாசிரியை. பஞ்சாபிகளுக்கும் கூர்க்காக்களுக்கும் நடுவே இருந்தவளுக்குத் தமிழ் என்பது தாயாரின் கடிதங்கள்தாம். கடிதத்தில் இருந்தபடியே வாயிலும் நின்றுவிட்டது. முப்பிடாதியும் வந்த அன்றே சிரித்தாள். “மேஜரம்மா, நீங்க பேசுனா ரேடியோவுல செய்தி வாசிக்க மாரி இருக்கு. கடைசில வானிலை சொல்லுவீகளா?” என்றாள். துடுக்குக்காரி. நோய் அப்போதே உள்ளே இருந்திருக்க வேண்டும். சிலருக்கு நோய் துடுக்காகத்தான் வெளிப்படும்.

அவளுக்கு முன் நீங்கள் அனுப்பியவர்களைப் பற்றிப் பேச வேண்டாம். ஒருத்தி என்னைப் ‘பாட்டி’ என்றாள். ஒருத்தி என் தட்டில் சோற்றைப் போட்டு, பிசைந்தும் வைத்தாள்! நான் பிறர் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை என்று அப்போதே சொன்னேன். “அப்போ நீங்க சமைச்சதச் சாப்பிடுதீகளா?” என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டீர்கள் அல்லவா? நானும் பதில் சொன்னேன்: எனக்குப் பசிப்பதில்லை. ஓய்வு பெற்ற உடம்புக்கு உணவும் குறைவாகத்தான் தேவைப்படும். அதில் என்ன வியப்பு?

முப்பிடாதி ஐப்பசி மழையில் வந்தாள். நனைந்த சேலையோடு வாசலில் நின்று, “உள்ள வரலாமா, இல்ல தலைய தொவட்டிட்டு வரணுமா?” என்றாள். ஒழுங்கு தெரிந்தவள் என்று நினைத்தேன். முதல் சில நாள் எல்லாரையும் போலத்தான் இருந்தாள். பெருக்கினாள், துடைத்தாள், சோறு வடித்து மூடி வைத்தாள். நான் தொடவில்லை. மாலையில் அந்தச் சோற்றைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், எடுத்துப்போய் நாய்க்குப் போடுவாள். “இந்தத் தெரு நாய்க்கு வந்த வாழ்வப் பாருங்க, மேஜர் வீட்டுச் சாப்பாடு” என்பாள்.

பிறகு ஒரு நாள் சமையற்கட்டில் தடால் என்று ஒரு சத்தம். நான் அப்போது இந்தக் கட்டிலில் படுத்திருந்தேன். படுத்திருந்தேன் என்றால் ஓய்வாக. இரண்டு நாளாக எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் முப்பிடாதி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு பெரிய குண்டான் உருண்டு கிடக்கிறது.

“என்னம்மா செய்கிறது?”

“தெரியலியே மேஜரம்மா. குப்புனு கண்ண இருட்டிட்டு வருது. வகுறு சுருட்டுது.”

நாடியைப் பிடித்தேன். சீராக இருந்தது. அனுபவமில்லாதவர்கள் அதைப் பார்த்து நிம்மதி அடைவார்கள். நான் அடையவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு நாடி இவ்வளவு சீராக ஏன் இருக்க வேண்டும்? நோய் ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். தூக்கிக் கொண்டுவந்து என் கட்டிலில் படுக்க வைத்தேன். நான்தான் தூக்கினேன். அவளும் கொஞ்சம் நடந்தாள். என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாவம், விழுந்துவிடுவோம் என்ற பயம்.

அன்று நான் கஞ்சி வைத்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு அடுப்படியில் நின்றேன் என்று கேட்காதீர்கள், அது இந்தப் பேச்சுக்குத் தேவையில்லை. கஞ்சியை எடுத்துக்கொண்டு போனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

“நீங்க மொதல்ல குடிங்க.”

“நோயாளி உண்ணாமல் செவிலி உண்பதில்லை, முப்பிடாதி. அது எங்கள் விதி.”

“எங்க ஊர்ல வேற விதி. ஆக்குனவுக மொதல்ல வாய்ல வச்சுக் காமிக்கணும். என்னத்தப் போட்டு ஆக்குனீகளோ, யாருக்குத் தெரியும்?”

எவ்வளவு அவமானம், பாருங்கள்! என் கையால் கஞ்சி குடித்து எத்தனை ஜவான்கள் எழுந்து நடந்திருக்கிறார்கள்! ஆனால் நோயாளியோடு வாதாடக்கூடாது. ஒரு கரண்டி குடித்தேன். அவள் ஒரு கரண்டி குடித்தாள். “உப்புப் பத்தல போலிருக்கே, இன்னொரு வாட்டி பாருங்க” என்றாள். பார்த்தேன். அப்படி அப்படியே கிண்ணம் காலியாகிவிட்டது. யார் எவ்வளவு குடித்தோம் என்று நான் கவனிக்கவில்லை. நோயாளி குடித்தாளா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அன்றிலிருந்து அவள் தேறவே இல்லை, செல்லையா. கார்த்திகை முழுதும் தேறவில்லை, மார்கழி முழுதும் தேறவில்லை. காலையில் வீட்டு வேலையெல்லாம் முடித்துவிடுவாள், அதுவரை நன்றாக இருப்பாள். எனக்குச் சாப்பாட்டு நேரம் வந்ததும் சரியாக அந்த நேரத்தில் வலி வந்துவிடும். இது அபூர்வமான நோய். என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. குளியலறைக்குப் போனால் மயக்கம் வரும் என்பாள். “நீங்க உள்ள நில்லுங்க மேஜரம்மா, நான் கையப் புடிச்சுக்கிடுதேன். அப்பிடியே நீங்களும் குளிச்சிருங்க, தண்ணி சூடா இருக்கு” என்பாள். மருந்தென்றால் நடுக்கம். என் சர்க்கரைக்கு நான் ஊசி போட்டுக்கொள்வதை ஒரு நாளாவது பார்க்காவிட்டால் அவளுக்கு மாத்திரை இறங்காது. “நீங்க குத்திக்கிடுததப் பாத்தாத்தான் எனக்கு ஒரு தைரியம் வருது” என்பாள். நான் அவளுக்கு வைட்டமின் மாத்திரைதான் கொடுத்தேன். வேறு ஒன்றும் கொடுக்கவில்லை, பயப்படாதீர்கள். மாலையில் அவளுக்கு நடைப்பயிற்சி வேண்டும். தனியாக நடக்கத் தெம்பில்லை. என் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு இந்த முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடப்பாள். நான் தடுமாறினால் அவள் நிறுத்திவிடுவாள். “எனக்கு மூச்சு வாங்குது, நிப்போம்” என்பாள்.

நான் அவளைக் கைவிடவில்லை. எழுந்தேன், சமைத்தேன், ஊட்டினேன், நடத்தினேன். மாவட்ட மருத்துவமனையில் பழகிய ஒரு டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, ‘மேடம், சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறதே, எடை கூடியிருக்கிறதே, என்ன செய்கிறீர்கள்?’ என்றார். வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறாள், என்னைப் பற்றி நினைக்க நேரமில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அப்புறம் அந்தப் பிற்பகல் நீங்கள் வந்தீர்கள்.

சொல்லாமல் வந்தீர்கள். சோதனைக்கு வந்தால் சொல்லிக்கொண்டு வர வேண்டியதில்லை, அது சரிதான். நானும் வார்டுகளில் அப்படித்தான் செய்வேன். ஆனால் பார்த்ததைப் பார்க்கத் தெரிய வேண்டும். நீங்கள் என்ன பார்த்தீர்கள்? சம்பளம் வாங்கும் துணைப்பெண் மேஜரின் கட்டிலில் நெற்றியில் ஈரத்துணியோடு மல்லாந்து கிடக்கிறாள். மேஜர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து அவளுக்குக் கரண்டியில் ரசஞ்சோறு கொடுக்கிறாள். வாசலிலேயே நின்று கத்தினீர்கள்: “ஏ மூதேவி! எந்திளா! இங்க என்ன கூத்தா நடக்கு?”

நோயாளியிடம் குரலை உயர்த்திய ஒரு சுபேதாரை நான் வார்டைவிட்டு வெளியேற்றியிருக்கிறேன், தெரியுமா? அன்று ஏன் உங்களை வெளியேற்றவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. முக்காலியிலிருந்து உடனே எழுந்திருக்க முடியவில்லை. அதற்குள் அவள் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிப் பார்த்தாள். “இன்னும் நாலு வாய் இருக்கு மேஜரம்மா, அதையும் முடிச்சிருங்க” என்றாள். உங்களைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குப் பதில் ஸ்டெல்லா வந்தாள். ஸ்டெல்லாவைக் குறை சொல்ல மாட்டேன். நன்றாக வேலை செய்தாள். ஆனால் அவளுக்கு ஒன்றுமே இல்லை, செல்லையா! தலைவலிகூட இல்லை. மரம் மாதிரி இருந்தாள். என்னை அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி உட்கார வைத்துவிட்டு, “ஆ காட்டுங்க” என்றாள். என்னிடம்! வாயை மூடிக்கொண்டேன். மூன்று வேளை மூடிக்கொண்டேன். “இது ஆவாது” என்று பையை எடுத்துக்கொண்டு அவளே போய்விட்டாள். நான் விரட்டியதாக உங்கள் சங்கத்தில் எழுதியிருந்தால் அது பொய்.

இப்போது நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். சொல்லுங்கள்.

மறுபடி சொல்லுங்கள்.

அவளுக்கு ஒரு நோயும் இல்லை என்று அவளே சொன்னாளா? “மேஜரம்மா சாப்பிடணும்னுதான் அப்பிடிப் படுத்துக்கிட்டேன்” என்று சொன்னாளா? உங்கள் செயலாளர் கர்னலுக்கு முன்னால் நின்று சொன்னாளா? இரத்தப் பரிசோதனையும் செய்தீர்களா? எல்லாம் சரியாக இருக்கிறதா?

செல்லையா, நீங்கள் எழுத்தர் பிரிவில் இருந்தவர். காயம்பட்டவர்களை வரிசையாகக் கிடத்தியிருக்கும் கூடாரத்தில் நின்றதில்லை. அங்கே யார் ‘எனக்கு ஒன்றுமில்லை சிஸ்டர், அவனை முதலில் பாருங்கள்’ என்று சொல்கிறானோ அவனிடம்தான் நாங்கள் முதலில் ஓடுவோம். கத்துகிறவன் பிழைத்துக்கொள்வான். ஒன்றுமில்லை என்கிறவன்தான் விடிவதற்குள் போய்விடுவான். முப்பிடாதி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாளா? அப்படியானால் நிலைமை நான் நினைத்ததைவிட மோசம். நாடகமாம்! எழுபத்தெட்டு வயதில் ஒரு நோயாளிக்கும் ஒரு நடிப்புக்காரிக்கும் எனக்கு வேறுபாடு தெரியாதா? வேலை போய்விடும் என்ற பயத்தில் நோயை மறைக்கிறாள். அவளுக்கு வேறு வருமானம் இல்லை, புருஷன் எங்கோ போய்விட்டான். பசியில் கிடப்பாள். யாராவது முதலில் வாயில் வைத்துக் காட்டாமல் சாப்பிட மாட்டாளே!

தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டேனா என்றா கேட்கிறீர்கள்? சாப்பிட்டேன். இல்லை, இன்று இன்னும் சாப்பிடவில்லை. நேற்று சாப்பிட்டிருப்பேன். யாருக்காக ஆக்குவது? ஒரு ஆளுக்கு உலை வைத்தால் அது உணவா?

கர்னல் என்ன சொல்கிறார்? அவள் நோயாளி என்றால், நோயாளிக்கு வேலை இல்லை. நடித்தாள் என்றால், பொய்க்காரிக்கு வேலை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு வாசல் அடைப்பு. என் கதையும் அப்படித்தான். அவளையும் நானே பார்த்துக்கொண்டேன் என்று நான் சொல்லச் சொல்ல, ‘அப்போ மேடத்துக்குத் துணையே தேவையில்லையே’ என்று என் பெயரையும் அடித்துவிட்டார்கள். நான் அவளுக்காகப் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவளையே வெட்டியிருக்கிறது. எனக்கு வேறு விதமாகப் பேசத் தெரியவில்லையே, செல்லையா. நான் என்ன செய்யட்டும்?

போன தடவை நீங்கள் ஒரு வழி சொன்னீர்கள். நான் உங்களை வெளியே போகச் சொன்னேன். நினைவிருக்கிறது. தன்னால் எதுவும் இயலாதவர் என்று எழுதிக் கொடுத்தால், இரவும் பகலும் கூடவே தங்கும் துணை கொடுப்பீர்கள். அந்த வேலைக்கு ஒருத்தியும் வருவதில்லை. முப்பிடாதி மட்டும் வரத் தயாராக இருக்கிறாள். வேறு ஆளில்லாததால் கர்னலும் கண்டுகொள்ள மாட்டார். அதுதானே?

உங்களுக்குத் தெரியாது, நீங்கள் என்னிடம் என்ன கேட்டீர்கள் என்று. ஜவான்களைப் பணிக்குத் தகுதியற்றவர் என்று முடிவு செய்யும் குழுவில் பல ஆண்டு நான் அமர்ந்திருக்கிறேன். அந்தச் சொல்லை டாக்டர் வாசிப்பார். வாசித்ததும் எதிரே நிற்பவனுடைய தோள் கீழே இறங்கும். கால் போனபோது அழாதவன் அந்தச் சொல்லுக்கு அழுவான். நான் அவனுக்கு ஒரு டம்ளர் தேநீர் கொடுத்துவிட்டு, மனதுக்குள், ‘நான் இப்படி நிற்க மாட்டேன், ஒருநாளும் நிற்க மாட்டேன்’ என்று சொல்லிக்கொள்வேன்.

தாளை எடுங்கள்.

எடுங்கள் என்கிறேன்! பேனாவும் எடுங்கள். நான் பொய் அறிக்கை எழுதியதே இல்லை. இதுதான் முதல் தடவை. ஒரு நோயாளியின் உயிருக்காக எழுதுகிறேன், கர்த்தர் கணக்கில் வைக்க மாட்டார். பொய்தானே, நன்றாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மேஜர் கிருபாவதி, தனியாக இருக்க இயலாதவர். எழுதினீர்களா? இயலாதவர். சென்ற வாரம் கிணற்றடியில் விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. பால்காரர் வரும்வரை அங்கேயே கிடந்தார். ஏன் கிடக்கிறீர்கள் என்று பால்காரர் கேட்டதற்கு, செம்பருத்திக்குக் களை பறிப்பதாகச் சொன்னார். அதையும் எழுதுங்கள், அப்போதுதான் நம்புவார்கள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்காகப் பற்றவைத்தோம் என்று தெரியாமல் நிற்கிறார். சில வேளை பற்றவைக்காமலே எரிவாயுவைத் திறந்துவிட்டு நிற்கிறார். ஊசி போட்டோமா இல்லையா என்பது மறந்துபோகிறது. ஒரு நாள் இரண்டு முறை போட்டுக்கொண்டாரோ என்று அவருக்கே ஐயம். தேவாலயத்துக்குப் போகாததற்கு முழங்கால் வலி என்று போதகரிடம் சொல்லியிருக்கிறார். உண்மையில் சேலைக் கொசுவம் விரலில் நிற்பதில்லை. கட்டக் கட்ட அவிழ்கிறது. பாதியில் விட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார். யாராவது வந்து கதவைத் தட்டினால் மூச்சுவிடாமல் படுத்திருக்கிறார். வீட்டில் ஆளில்லை என்று நினைத்துப் போய்விடட்டும் என்று.

போதுமா? இன்னும் வேண்டுமானால் சொல்கிறேன். வந்துகொண்டே இருக்கிறது.

ஏன் எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள்? நீங்கள் ஹவில்தார், நான் மேஜர். இது உத்தரவு. இல்லை, செல்லையா. உத்தரவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன். எழுதுங்கள் ஐயா.

எங்கே கையொப்பம்? கோடு எங்கே இருக்கிறது, விரலை வைத்துக் காட்டுங்கள். சரி.

இனி நேரத்தை வீணாக்காமல் வண்டியை எடுங்கள். நேரே அவள் வீட்டுக்குப் போங்கள். மழையோ வெயிலோ, பின்னால் உட்கார வைத்து மெதுவாகக் கூட்டி வாருங்கள், மயக்கக்காரி. இந்தத் தாளைக் கர்னலிடம் காட்டுங்கள், கலெக்டரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

முப்பிடாதியிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். அவள் நம்பிவிடுவாள்.